பன்னிரண்டு கூடுகள், ஆறு முழுப் பூச்சிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பூச்சி வெளிவரும்வரை வீட்டில் வைத்துப் பார்க்க நான் வாங்கிய பன்னிரண்டு அந்துப்பூச்சிக் கூடுகள் வந்தன. எட்டு அட்லஸ் அந்துப்பூச்சியுடையவை, நான்கு நிலா அந்துப்பூச்சியுடையவை. ஆறு பூச்சிகள் சிறகு முழுதாக விரிந்து வெளிவந்தன. நான்கு பழுதோடு வந்தன. இரண்டு வரவே இல்லை.

முதல் முறைக்கு இது மோசமில்லை என்றுதான் பழகியவர்கள் சொன்னார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. ஐந்து மாதம் கழித்து, எழுதி வைத்திருந்த நோட்டை எடுத்து ஒவ்வொரு கூட்டின் கதையையும் முதலிலிருந்து படித்தேன். ஆறு இழப்புகளில் நான்கு நேரடியாக என் கைங்கரியம். ஒன்றில் எனக்குப் பங்கே இல்லை. இன்னொன்று இன்றுவரை சந்தேகம்தான். இதில் என்னை உறுத்தியது வேறு: அந்த நான்கில் ஒன்றை நோட்டு இரண்டு நாள் முன்பே சொல்லியிருந்தது. நான் எழுதினேனே தவிர, எழுதியதைப் படிக்கவில்லை.

வந்த சரக்கு

அட்லஸின் கூடு பழுப்பு நிறம். காய்ந்த இலையைச் சுற்றிப் பின்னப்பட்டு, காம்போடு ஒரு சிறிய பை மாதிரித் தொங்கும். காம்பு இருக்கும் மேல் முனையில் நூல்கள் இறுக்கமில்லாமல் விடப்பட்டிருக்கும். பூச்சி வெளிவரும் வாசல் அது. நிலா அந்துப்பூச்சியின் கூட்டில் அப்படி வாசல் கிடையாது. எல்லாப் பக்கமும் மூடியிருக்கும். இந்த வேறுபாடு பின்னால் ஒரு பூச்சியின் சிறகைப் பறித்தது, சொல்கிறேன்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி கையில் எடுத்துப் பார்ப்பதுதான். உள்ளே உயிருள்ள கூட்டுப்புழு இருந்தால் கூடு அளவுக்கு மீறிக் கனமாக இருக்கும். மெதுவாகச் சாய்த்தால் மந்தமாக உருளும். செத்துக் காய்ந்தது வெற்றுக் காய் மாதிரி கலகலக்கும். பன்னிரண்டும் கனமாகவே இருந்தன. காம்பில் சீட்டுக் கட்டி அ1 முதல் அ8 வரை, நி1 முதல் நி4 வரை எண் போட்டேன். கிராமில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும் சின்னத் தராசு ஒன்று புதிதாக வாங்கியிருந்தேன். எதையாவது அதில் வைத்துப் பார்க்கும் ஆசையில், வந்த அன்றே எல்லாவற்றையும் எடை போட்டேன். அப்புறம் வாரம் ஒரு முறை. திட்டம் என்று எதுவும் இல்லை. அந்த விளையாட்டு இல்லையென்றால் இந்த ஆய்வே இல்லை.

குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். நல்ல வேளை, அதைச் செய்யவில்லை. அது செக்ரோபியா, பாலிஃபீமஸ் போன்ற குளிர்நாட்டுப் பூச்சிகளுக்கான அறிவுரை. செக்ரோபியாவின் கூட்டுப்புழு உறக்கநிலையிலிருந்து எழுந்திருக்க, அதன் மூளை பல வாரம் குளிரில் இருந்தாக வேண்டும். 1940களில் ஹார்வர்டில் கரோல் வில்லியம்ஸ் இதை நிரூபித்த விதம் சுவாரசியமானது. குளிரூட்டிய கூட்டுப்புழுவின் மூளையை எடுத்து, குளிரே படாத இன்னொன்றுக்குள் வைத்தார். அது விழித்துக்கொண்டது. அட்லஸ் வெப்பமண்டலத்துப் பூச்சி. அதை நீண்ட நாள் குளிரில் வைத்தால் விழிக்காது, சாகும்.

நான் வைத்த இடம் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அடியில் மெல்லிய காகிதம், ஒரு பக்கம் காற்றுக்காகத் துளைகள், மேலே வழுவழுப்பான மூடி. துளைகள் இருந்த பக்கம் மேசை மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தது. அ3, அ4 இரண்டும் அந்தத் துளைகளை ஒட்டிக் கிடந்தன. அன்றைக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

அ1: வழுக்கிய மூடி

9ஆம் நாள் காலை டப்பாவைத் திறந்தால், அ1 காகிதத்தின் மேல் நடந்துகொண்டிருந்தது. உடம்பு நன்றாகப் பெரியது. சிறகுகள் மட்டும் கசக்கிப் போட்ட துணி மாதிரி முதுகில் ஒட்டியிருந்தன. டப்பாவின் சுவர் முழுக்கச் செம்பழுப்பு நீர் தெறித்திருந்தது. நான் அதை ரத்தம் என்று நினைத்துப் பயந்தேன். அது கூட்டுப்புழுவாக இருந்த காலத்துக் கழிவு. எல்லாப் பூச்சியும் வெளிவந்தவுடன் வெளியேற்றுவதுதான்.

கூட்டிலிருந்து வரும்போது எந்தப் பூச்சிக்கும் சிறகு சின்னதாக, ஈரமாக, மடிந்துதான் இருக்கும். அது உடனே எங்காவது ஏறித் தலை மேலாகத் தொங்க வேண்டும். வயிற்றைச் சுருக்கி உடல் திரவத்தைச் சிறகு நரம்புகளுக்குள் தள்ளும். கனத்தால் சிறகு கீழ்நோக்கி இறங்கி விரியும். உருவம் வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், விறைத்துக் காயப் பல மணி நேரம். அந்த முதல் அரை மணிக்குள் பிடிமானம் கிடைக்காவிட்டால், அல்லது சிறகுக்குக் கீழே தொங்க இடம் இல்லாவிட்டால், மடிப்பு அப்படியே இறுகிவிடும். பிறகு யாராலும் விரிக்க முடியாது.

டப்பாவின் சுவரில் கால் பதிய எதுவும் இல்லை. ஏறி ஏறி வழுக்கியிருக்கிறது. நான் அங்கே இருந்திருந்தால் ஒரு குச்சியில் ஏற்றிவிட்டுக் காப்பாற்றியிருக்கலாம். நான் பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது.

மறுநாளே வலைக்கூண்டுக்கு மாற்றினேன். நான்கு பக்கமும் துணிவலை, உயரம் இரண்டு முழம். கூடுகளைக் காம்பில் நூல் கட்டி, வாசல் மேலாக வரும்படி பக்கச் சுவரை ஒட்டித் தொங்கவிட்டேன். கூண்டை வைத்தது மட்டும் அதே மேசையில், அதே விசிறிக்கு முன்னால், அதே வரிசையில்.

12ஆம் நாள் அ2 வந்தது, பெண். குறையே இல்லை. வலையைப் பிடித்து ஏறி, முக்கால் மணி நேரத்தில் என் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரித்த அகலத்துக்குச் சிறகை இறக்கிவிட்டுத் தொங்கியது. பிரச்சினை முடிந்தது என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு கோடு வேறு.

அ3: நோட்டில் இருந்த எண்

17ஆம் நாள் அ3. வலை இருந்தது, இடம் இருந்தது, நானும் அருகிலேயே இருந்தேன். பூச்சி கூட்டின் வாயில் தலையை நீட்டி வெகு நேரம் அப்படியே நின்றது. வெளியே வந்தபோது ஒரு பக்கச் சிறகில் கூட்டுப்புழுவின் பழைய தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. ஏறித் தொங்கியது. வலப்பக்கம் விரிந்தது. இடப்பக்கம் பாதியில் நின்றுவிட்டது.

பிடிமானம்தான் காரணம் என்ற என் முடிவு இங்கே உடைந்தது. நோட்டை எடுத்து, எழுதிய எடைகளை அன்றைக்குத்தான் வரிசையாகப் பார்த்தேன். 15ஆம் நாள் கணக்குப்படி, அ5 முதல் அ8 வரை வந்த நாள் எடையில் நூற்றுக்கு ஐந்து, ஆறு, ஏழு என்று இழந்திருந்தன. அ3 இழந்தது பன்னிரண்டு. அ4 இருபத்து மூன்று. துளை ஓரத்தில் கிடந்த, இப்போதும் விசிறிக்கு நேராகத் தொங்கிய இரண்டு கூடுகள்.

கூட்டுப்புழு எதுவும் சாப்பிடுவதில்லை, குடிப்பதில்லை. வெளிவரும் பூச்சிக்கும் வேலை செய்யும் வாய் கிடையாது. இந்தக் குடும்பத்துப் பெரிய பட்டுப்பூச்சிகள் எல்லாமே அப்படித்தான். புழுவாக இருந்து இலை தின்றபோது சேர்த்த கொழுப்பும் நீரும்தான் கடைசிவரை. அந்த நீரில்தான் சிறகை ஊத வேண்டும், முட்டையிட வேண்டும், ஒரு வாரம் பறக்க வேண்டும். வற்றிப்போன உடம்பில் சிறகுக்குத் தள்ள அழுத்தம் இருக்காது. பழைய தோலுக்கும் புதுச் சிறகுக்கும் நடுவே வழுக்கிக் கழலும் ஈரமும் இருக்காது. அ3க்கு இரண்டும் சேர்ந்து நடந்திருக்கிறது.

ஈரப்பதமானி ஒன்று வாங்கி 19ஆம் நாள் வைத்தேன். 34 விழுக்காடு. விசிறியைத் திருப்பி வைத்தேன். காலையும் மாலையும் கூண்டின் வலை மேல் தெளிப்பான் வைத்து நீர் தெளித்தேன். அடியில் ஈரப்பஞ்சு வைத்தேன். 65, 70க்கு வந்தது. தெளிப்பது காற்றை ஈரமாக்கி இழப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். போன நீரை அது திருப்பித் தராது. அதனால் அ5, அ6, அ7 பிழைத்தது நான் தெளித்ததால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். அவை குறைவாக இழந்திருந்த கட்டத்தில் நான் விழித்துக்கொண்டேன், அது போதுமானதாக இருந்தது.

இதில் எனக்கு ஒரு அதிர்ஷ்டம். கூண்டை 10ஆம் நாள் மாற்றினேன், ஈரத்தை 19ஆம் நாள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால், எது எதைச் சரிசெய்தது என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும். நடுவில் வந்த அ3தான் இரண்டையும் பிரித்துக் காட்டியது. எட்டு கூட்டை வைத்து விதி சொல்ல முடியாது. ஆனால் அ3இன் கோணல் சிறகும் அ1இன் கோணல் சிறகும் பார்க்க ஒரே மாதிரி இருந்தும், ஒன்று அரை மணி நேரத்துத் தவறு, மற்றது இரண்டு வாரத்துத் தவறு என்று சொல்ல முடியும்.

அ4: பூஞ்சை

தெளிக்க ஆரம்பித்த ஒரு வாரத்தில் அ4இன் மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. அதிகம் தெளித்துக் கொன்றுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். திறந்து பார்த்ததில் கூட்டுப்புழு கருத்து, வயிற்று வளையங்கள் விறைத்து, உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்தது. உயிருள்ள கூட்டுப்புழு விரல் பட்டால் வயிற்றை நெளிக்கும்.

எடைக் கணக்கு வேறு கதை சொல்கிறது. தெளிப்பதற்கு முன்பே அது கால்வாசி எடையை இழந்திருந்தது. பூஞ்சை வந்தது செத்த கூட்டுக்கு. அது விசிறிக் காற்றில் காய்ந்து செத்ததா, இல்லை வரும்போதே நோய்ப்பட்டுச் செத்துக்கொண்டிருந்து அதனால் வேகமாகக் காய்ந்ததா, அதை இந்த எண்களால் பிரிக்க முடியவில்லை. தொடக்கத்தில் சந்தேகம் என்று சொன்னது இதைத்தான். என்ன இருந்தாலும், நீர் கூட்டின் மேல் நேராகப் படாமல், வலையில் மட்டும் படும்படி அதற்குப் பிறகு தெளித்தேன். கூடு ஈரத்திலேயே ஊறினாலும் கெடும்.

நி1: கத்தரிக்கோல்

இதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது.

22ஆம் நாள் காலை நி1இன் கூட்டுக்குள்ளிருந்து பிறாண்டும் ஒலி. காகிதத்தை நகத்தால் சுரண்டுவது போல, விட்டு விட்டு. ஒரு மணி நேரம் தாண்டியும் எதுவும் வெளிவரவில்லை. ஐந்து நாள் முன்பு அ3 மாட்டிக்கொண்டதைப் பார்த்த பயம் வேறு. இதுவும் காய்ந்து மாட்டிக்கொண்டது என்று முடிவு கட்டி, சின்னக் கத்தரிக்கோலால் கூட்டின் முனையை வெட்டினேன்.

அது மாட்டிக்கொள்ளவில்லை. வேலை செய்துகொண்டிருந்தது. நிலா அந்துப்பூச்சிகளின் முன்சிறகு அடியில் கெட்டியான கூர்முள் ஒன்று உண்டு. வாசலில்லாத கூட்டை உள்ளிருந்து அதைக் கொண்டுதான் அறுத்து வரும். அந்த அறுக்கும் ஒலியைத்தான் நான் கேட்டேன். வேறு சில இனங்கள் முள்ளுக்குப் பதிலாக ரசாயனத்தை வைத்திருக்கின்றன. ஆன்தெரேயா வகைப் பூச்சிகள் பட்டைப் பிணைக்கும் பசையைக் கரைக்கும் நொதி ஒன்றை முகத்தில் சுரக்கும். 1960களில் ஃபோட்டிஸ் கஃபாடோஸ், கரோல் வில்லியம்ஸ் இருவரும் அதைப் பிரித்தெடுத்து விளக்கினார்கள். கக்கூனேஸ் என்று பெயர். ஆக, வாசல் வைத்துப் பின்னுவது ஒரு வழி, அறுப்பது ஒரு வழி, கரைப்பது ஒரு வழி. எந்த வழியிலும் கத்தரிக்கோலுக்கு இடமில்லை.

என் கத்தரிக்கோல் நுனி இடது முன்சிறகின் விளிம்பில் பட்டிருக்கிறது. வெளிவந்து தொங்கியதும் அந்த இடத்தில் பச்சை கலந்த ஒரு துளி முத்து மாதிரி நின்றது. ஊதும்போது திரவம் அந்தக் கீறல் வழியே கசிந்துவிட்டது. மூன்று சிறகு வெளிர்ப்பச்சையில் வால் நீட்டி விரிந்தது, நான்காவது விரியவில்லை. உயிரோடு எட்டு நாள் இருந்தது. பறக்கவில்லை.

நான்கு நாள் கழித்து நி3 இதே மாதிரி பிறாண்டியது. அறையை விட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது பூச்சி வலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நி2: வேறு விருந்தாளி

நி2இன் கீழே ஒருநாள் நான்கைந்து வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. அடுத்த நாளே சுருங்கிப் பழுப்பு மாத்திரைகள் மாதிரி ஆயின. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் ஊசி ஈ என்று சொல்லும் ஒட்டுண்ணி ஈக்களின் உறவு. நிலா அந்துப்பூச்சி புழுவாக வெளியில் இலை தின்ற நாட்களிலேயே இந்தத் தாய் ஈ வந்து போயிருக்கும். கூட்டை வாங்கியவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கனத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, உள்ளே தின்றுகொண்டிருக்கும் புழுவும் கனம்தானே. அந்த மாத்திரைகளைத் தனிக் குப்பியில் அடைத்து, உறைய வைத்து அழித்தேன். வெளியில் சேகரித்த கூடுகளை எப்போதும் தனியாக வைப்பது இதற்காகத்தான்.

அ5 முதல் அ8 வரை

இவை 27ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள்வரை வந்தன. அ5 ஆண், அ6 பெண், இரண்டும் முழுமை. ஆணின் உணர்கொம்பு அகலமான சீப்பு மாதிரி இருக்கும், பெண்ணுக்கு ஒல்லி. பெண் ஓரிடத்தில் தொங்கியபடியே இரவில் வயிற்று நுனியிலிருந்து வாசனையை விடும், ஆண் தேடி வரும். 12ஆம் நாள் வந்த அ2 துணையில்லாமல் இரவெல்லாம் அப்படி அழைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கருவுறாத முட்டைகளை வலை முழுக்க ஒட்டிவிட்டு இறந்தது. எல்லாக் கூடும் ஒரே நாளில் வந்தாலும் பூச்சிகள் ஒரே வாரத்தில் வராது என்பதைக் கணக்கில் கொள்ளாமல் இணை சேர்க்கத் திட்டம் போடுவது வீண்.

அ7உம் அ8உம் 36ஆம் நாள் காலை, ஒரு மணி நேர இடைவெளியில் ஒரே கூண்டில் வந்தன. அ7 விரிந்து முடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அ8 ஏறும்போது அதைத் தட்ட, அ7 இடம் மாற நடந்து அ8இன் ஈரச் சிறகின் மேலேயே காலை வைத்தது. அ8இன் வலது முன்சிறகு நுனி, பாம்புத்தலை மாதிரி இருக்கும் அந்தப் பகுதி, மடிந்தபடியே இறுகியது. பறக்கத் தடையில்லை, பார்க்கத்தான் குறை. கூண்டில் ஒரே பக்கத்தில் எல்லாக் கூட்டையும் கட்டியிருந்தேன். நான்கு பக்கமும் பிரித்துக் கட்டியிருக்கலாம்.

நேரம் பற்றி ஒரு குறிப்பு. என்னிடம் வந்த அட்லஸ் எல்லாமே காலையில் வந்தன. இது தற்செயல் இல்லை. 1970இல் ஜேம்ஸ் ட்ரூமன், லின் ரிடிஃபோர்ட் இருவரும் காலையில் வெளிவரும் செக்ரோபியாவின் மூளையையும், மாலையில் வெளிவரும் இன்னோர் இனமான ஆன்தெரேயா பெர்னியின் மூளையையும் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். பூச்சிகள் தங்கள் நேரத்தை விட்டுவிட்டு, மூளை கொடுத்த இனத்தின் நேரத்துக்கு வந்தன. வளர்ப்பவருக்கு இதன் பயன் எளியது: உங்கள் இனம் எந்த வேளையில் வரும் என்று இரண்டு பூச்சியில் தெரிந்துவிட்டால், மீதி நாள் முழுக்கக் காவல் காக்க வேண்டாம்.

அ5, அ6 இணைந்து இட்ட முட்டைகளில் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை உறைய வைத்தேன். மனசு கேட்கவில்லைதான். ஆனால் அயல் இனத்தைத் திறந்துவிடுவது விளையாட்டில்லை. 1860களின் கடைசியில் மாசசூசெட்ஸின் மெட்ஃபோர்டில், பட்டுக்காகப் பாலிஃபீமஸ் வளர்த்துப் பழகிய எத்தியன் த்ரூவெலோ ஐரோப்பாவிலிருந்து வேறோர் அந்துப்பூச்சியைக் கொண்டுவந்தார். அதில் சில தப்பின. அமெரிக்கக் காடுகள் இன்றுவரை அதனால் மொட்டையாகின்றன. 2022 ஜூலையில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூவில் ஒரு வீட்டில் ஒரே ஒரு அட்லஸ் தென்பட்டதற்கே வேளாண் துறை பொதுமக்களுக்கு அறிவிப்பு விட்டது. அங்கே அனுமதியில்லாமல் அட்லஸை வைத்திருக்கவே கூடாது. கூடு வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள்.

நி4

மிச்சம் இருந்தது ஒன்று. இரண்டு மாதம் ஆயிற்று, மூன்றாயிற்று. ஒலி இல்லை, அசைவு இல்லை. செத்துவிட்டது, தூக்கிப் போடு என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றியது.

எடை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அ4 இரண்டு வாரத்தில் இழந்ததில் பாதியைக்கூட நி4 நான்கு மாதத்தில் இழக்கவில்லை. கோடு போட்டால் கிட்டத்தட்டப் படுக்கையாகவே போகும். செத்தது அப்படி நீரைப் பிடித்து வைக்காது. உறக்கநிலையில் இருக்கும் கூட்டுப்புழு மூச்சையும் நீரையும் அவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கும். நிலா அந்துப்பூச்சியின் புழு குறுகிய பகல் காலத்தில் வளர்ந்திருந்தால் கூட்டுக்குள் இப்படி நீண்டு உறங்குவதுண்டு. ஒரே தொகுதியில் வந்த மற்றவை ஏன் உறங்கவில்லை என்றால், அவை வேறு வாரத்தில் வளர்ந்தவையாக இருக்கலாம்.

வாரம் இரண்டு முறை வலையில் நீர், வாரம் ஒரு முறை தராசு. வேறு எதுவும் செய்யவில்லை. 143ஆம் நாள் காலை பிறாண்டும் ஒலி கேட்டது. ஒன்றரை மணி நேரம் பிறாண்டியது. வெளியே வந்தது ஆண். வலையின் மேல் மூலைவரை ஏறி, வால்கள் இரண்டையும் கடைசியாக இறக்கி முடித்தபோது மணி பத்தேகால். காலிக் கூட்டைத் தராசில் வைத்தேன். இலைச்சருகு அளவுக்குக்கூடக் கனம் இல்லை.